அண்ணனுக்கு மாதாமாதம் ஊசி, தங்கைக்கு ஏன் இல்லை?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகனுக்கு 10 வயது. போன வருடம் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகப் படுத்தான். முழங்கால் சரியானதும் கணுக்கால், அது சரியானதும் மணிக்கட்டு என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஒரு வால்வில் லேசான கசிவு தெரிந்தது. அன்றிலிருந்து 21 நாளைக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. ஊசி நாள் என்றாலே வீட்டில் அழுகைதான்.

இப்போது 5 வயது மகள். காலில் கொப்புளம் கொப்புளமாகப் புண் வந்து, பொருக்குத் தட்டி ஆறிவிட்டது. சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் முகம் உப்பி எழுந்தாள். சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போனது. ரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கிருமிதான் காரணம் என்கிறார்கள். ஆனால் ஏஎஸ்ஓ என்ற ரத்தச் சோதனையில் மகனுக்கு அளவு அதிகம், மகளுக்கு அது சாதாரணம். அவனுக்கு வருடக்கணக்கில் ஊசி. அவளுக்கு ஊசி வேண்டாம், பரிசோதனைக்கு வந்தால் போதும் என்கிறார்கள். மறந்துவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. நாளைக்கு அவளுக்கு இதயமும் இவனுக்குச் சிறுநீரகமும் என்று மாறி வருமா? எங்கள் குடும்பத்தில் ஏதும் கோளாறு உண்டா? ஒன்றரை வயதுக் கைக்குழந்தையும் வீட்டில் இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மருத்துவர்கள் எதையும் மறக்கவில்லை. மகனுக்கு அந்த ஊசி கட்டாயம் வேண்டும், மகளுக்கு வேண்டியதில்லை. கிருமி ஒன்று, வைத்தியம் இரண்டு என்றால் எப்படி என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. மருத்துவர்களே அதோடு நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் யாருக்கு வந்தது, எத்தனை பேருக்கு வந்தது, மறுபடி வந்ததா என்று ஊர் ஊராக உட்கார்ந்து எண்ணியவர்கள்தான் முடிச்சை அவிழ்த்தார்கள். உங்கள் இரண்டு குழந்தைகளின் மருந்துச் சீட்டும் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை. அதனால் பதிலையும் அந்த வழியாகவே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தக் கிருமிக்கு ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர், சுருக்கமாக ஸ்ட்ரெப். தொண்டையிலும் தோலிலும்தான் இதற்கு வேலை. உங்கள் மகனின் இதயத்துக்குள்ளோ மகளின் சிறுநீரகத்துக்குள்ளோ அது போய் உட்காரவில்லை. அதை விரட்ட உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள்கள் செய்த சேதம் இது. மகன் விஷயத்தில், கிருமியின் மேலுறைப் புரதமும் இதயத் தசை, வால்வு ஆகியவற்றின் புரதங்களும் சாயலில் ஒன்றுபோல இருப்பதால் வந்த வினை. திருடனைத் தேடிப் போன ஊர்க்காரர்கள் அதே நிறச் சட்டை போட்டிருந்த உள்ளூர் ஆளைப் பிடித்து அடித்த மாதிரி. மகள் விஷயத்தில் நடந்தது வேறு. கிருமியின் துணுக்குகளும் எதிர்ப்புப் பொருள்களும் ஒட்டிக்கொண்டு, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் போய்ப் படிந்து, அங்கே அழற்சியைக் கிளப்பிவிட்டன. வடிகட்டி வீங்கினால் ரத்தம் கசியும், உப்பும் நீரும் வெளியேறாமல் தேங்கும். முகம் உப்பியதும் அழுத்தம் ஏறியதும் அதனால்தான்.

எதிர்ப்புப் பொருள் உருவாக நாள் எடுக்கும் என்பதால் நோயும் தாமதித்துத்தான் வரும். தொண்டை வலி வந்து 2 முதல் 3 வாரத்தில் ருமாட்டிக் காய்ச்சல் தலைகாட்டும். சிறுநீரக அழற்சி தொண்டை வலியைத் தொடர்ந்து வந்தால் சுமார் 10 நாள், தோல் புண்ணைத் தொடர்ந்து வந்தால் 3 வாரம் அல்லது அதற்கும் மேல். புண் ஆறிய பிறகு எப்படி என்று நீங்கள் திகைத்திருப்பீர்கள். ஆறிய பிறகு வருவதுதான் இதன் வழக்கம்.

வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்று லண்டனில் ஒரு மருத்துவர் இருந்தார். 1812-இல் வெளிவந்த ஒரே ஆய்வுத் தொகுதியில் அவருடைய இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்று மூட்டு வாதத்தோடு சேர்ந்து வரும் இதய நோய் பற்றி. இன்னொன்று, இதே கிருமியால் தொண்டைப் புண்ணோடு உடம்பு சிவந்துபோகும் ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பிறகு வரும் உடல் வீக்கத்தையும், அப்போது சிறுநீரில் ரத்தம் கலந்து போவதையும் பற்றி. உங்கள் மகனையும் மகளையும் அடுத்தடுத்து எழுதி வைத்த மாதிரி. இரண்டுக்கும் ஒரே மூலம் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை, நோய்க்குக் கிருமி காரணம் என்று அன்றைக்கு யாரும் நிரூபித்திருக்கவில்லை. பின்னால் நியூயார்க்கில் ஆல்வின் கோபர்ன் 1931-இல், தொண்டையில் ஸ்ட்ரெப் தொற்று வந்துபோன பிறகே ருமாட்டிக் காய்ச்சல் கிளம்புகிறது என்று நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து காட்டினார். அதே ஊரில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் அந்தக் கிருமியைப் பிரிவு பிரிவாகப் பிரித்தார். ஏ பிரிவுக்குள்ளேயே எம் புரதம் என்ற மேலுறைப் புரதத்தை வைத்து வகை 1, வகை 5, வகை 12 என்று எண் கொடுத்தார். இன்று இந்த வகைகள் 200-ஐத் தாண்டிவிட்டன. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகளுக்கு ஏன் ஊசி இல்லை என்பதற்கான காரணம் இவற்றில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படை முகாம்களில் ருமாட்டிக் காய்ச்சல் பெரிய தலைவலியாக இருந்தது. போருக்குப் பிறகு வயோமிங் மாநிலத்தின் வாரன் தளத்தில் சார்லஸ் ராமல்காம்ப் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு உட்கார்ந்தது. டென்னி, வானமேக்கர் ஆகியோர் உடனிருந்தார்கள். தொண்டை புண்ணாகி வந்த இளம் சிப்பாய்களில் 798 பேருக்குப் பென்சிலின் கொடுத்தார்கள், 804 பேருக்குக் கொடுக்கவில்லை. பென்சிலின் பெற்றவர்களில் 2 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. பெறாதவர்களில் 17 பேருக்கு. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. அன்றைக்குத் தொண்டை வலிக்குப் பென்சிலின் போட்டால் இதயம் தப்பும் என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. நோய் தொடங்கி 9 நாள் கழித்துக் கொடுத்தால்கூடப் பலன் இருக்கிறது என்பதும் அங்கே தெரிந்ததுதான்.

அதே முகாமில் நடந்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்ட்ரெப் தொற்று உள்ளவர்கள் போர்த்திய கம்பளிகளைத் துவைக்காமல் புதிதாக வந்த சிப்பாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கம்பளியில் கிருமி இருந்தது, ஆனால் அது யாரையும் நோயில் தள்ளவில்லை. அறைத் தூசியும் அப்படித்தான். கட்டிலின் தூரத்தை அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கிருமியைச் சுமப்பவருக்கு எவ்வளவு பக்கத்தில் படுத்தார்களோ அவ்வளவுக்குத் தொற்று கூடியது. ஆக இந்தக் கிருமிக்கு வேண்டியது நெருக்கம். ஒரு அறையில் ஆறேழு பேர் படுக்கிற வீடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் ஏன் தங்குகிறது, பென்சிலின் வருவதற்கு முன்பே ஐரோப்பாவில் அது ஏன் குறையத் தொடங்கியது என்ற இரண்டு கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நீங்கள் போர்வையையும் பாத்திரத்தையும் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சிரமம் வேண்டாம். குழந்தைகளைத் தள்ளித் தள்ளிப் படுக்க வைக்க இடமிருந்தால் அதைச் செய்யுங்கள்.

ராமல்காம்ப் குழுவின் மனதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. படை முகாம்களில் தொண்டைத் தொற்று அலையாக வரும்போதெல்லாம், சிகிச்சை இல்லாதவர்களில் 100-க்கு ஏறக்குறைய 3 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. சிறுநீரக அழற்சி அப்படி ஒரு நிலையில் நிற்கவில்லை. ஓர் அலையில் ஒருவருக்கும் வராது, இன்னொன்றில் கூட்டம் கூட்டமாக வரும். மேரிலாந்தின் பெயின்பிரிட்ஜ் கடற்படைப் பயிற்சித் தளத்தில் 1951–52-இல் அப்படி ஒரு கூட்டம் வந்தது. தொண்டையில் எடுத்த கிருமிகளைப் பிரித்துப் பார்த்தால் வகை 12 முன்னால் நின்றது. சிறுநீரகத்தைத் தொடும் ஆற்றல் எல்லா வகைக்கும் இல்லை, ஒரு சிலவற்றுக்குத்தான் என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தார்கள்.

அடுத்த சாட்சி தோலிலிருந்து வந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் ரெட் லேக் என்ற செவ்விந்தியர் குடியிருப்பு உண்டு. 1953-இல் அங்கே குழந்தைகளிடையே சிறுநீரக அழற்சி அலையாக வந்தது. தொண்டை வலி பெரிதாக இல்லை, கை கால்களில்தான் புண். கிடைத்த கிருமி வகை 49. 1966-இல் அதே ஊரில் அதே வகை 49 திரும்பி வந்தது. இந்த முறை ஆய்வாளர்கள் தயாராக இருந்தார்கள். புண் வந்த குழந்தைகளின் சிறுநீரைத் தொடர்ந்து சோதித்தார்கள், வெளியே தெரியாத ரத்தக் கசிவையும் கணக்கில் எடுத்தார்கள். வகை 49 தோலில் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகம் பாதித்திருந்தது. அதே வகை தொண்டையில் மட்டும் வந்தவர்களுக்கு விகிதம் மிகவும் குறைவு. பொதுவாகவே, முகம் உப்பி, சிறுநீர் நிறம் மாறி மருத்துவரிடம் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னால், யாருக்கும் தெரியாமல் லேசாக வந்து போகிற பிள்ளைகள் அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள்.

வயதும் பருவமும்கூட இரண்டு நோயையும் பிரித்துக் காட்டும். தொண்டை வழி வரும் ருமாட்டிக் காய்ச்சல் 5 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளின் நோய், குளிர்ந்த மாதங்களில் அதிகம். தோல் புண்ணும் அதைத் தொடரும் சிறுநீரக அழற்சியும் இன்னும் சின்னப் பிள்ளைகளிடம், வெப்பமும் புழுக்கமும் பூச்சிக்கடியும் சொறியும் உள்ள இடங்களில் அதிகம். உங்கள் வீட்டில் 10 வயதும் 5 வயதும் அவரவர் வரிசையில்தான் நின்றிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வியின் நடுவுக்கு வருகிறேன்.

ருமாட்டிக் காய்ச்சலைக் கிளப்பிவிடக்கூடிய வகைகள் பல. உங்கள் மகனின் உடம்பு ஒரு வகைக்கு எதிராகப் பெற்ற பாதுகாப்பு அடுத்த வகைக்கு உதவாது. புதிய வகை ஒன்று தொண்டைக்குள் வந்தால், ஏற்கெனவே இதயத்தைத் தவறாக அடையாளம் கண்டுவிட்ட உடம்பு மறுபடி அதே தவறைச் செய்யும். முதல் தடவை 100-க்கு 3 என்று சொன்னேன் அல்லவா? ஒரு முறை வந்தவருக்கு அடுத்த ஸ்ட்ரெப் தொற்றில் அது 100-க்கு 50 வரை போனதாகப் பழைய ஆய்வுகள் காட்டின. ஒவ்வொரு தாக்குதலும் வால்வில் இன்னொரு தழும்பை விட்டுச் செல்லும். சரி, தொண்டை வலி வரும்போது மட்டும் மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ருமாட்டிக் காய்ச்சலோடு வருபவர்களில் மூன்றில் ஒருவருக்காவது அதற்கு முன் தொண்டை வலித்த நினைவே இருக்காது. வலியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் கிருமி வந்து போயிருக்கும். அதனால்தான் ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் பென்சிலின் இருக்கும்படி, மெல்லக் கரையும் பென்சதீன் பென்சிலினை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போடுகிறோம். இவ்வளவு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகும் இந்தக் கிருமி பென்சிலினுக்கு மசியாமல் போனதில்லை. நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

சிறுநீரக அழற்சியில் கணக்கு தலைகீழ். சிறுநீரகத்தைத் தொடக்கூடிய வகைகள் சில மட்டுமே. ஒரு வகை வந்து போனால் அதற்கு எதிரான பாதுகாப்பு நெடுநாள் நிற்கும். அதே குழந்தைக்கு இன்னொரு சிறுநீரக வகை வந்து, மறுபடி நோய் வருவது அபூர்வம். வராத ஒன்றைத் தடுக்க வருடக்கணக்கில் ஊசி எதற்கு? மகளுக்கு மருத்துவமனையில் சில நாள் ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள். அது மிச்சமிருக்கும் கிருமியை ஒழிக்கவும், வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கவும். வந்துவிட்ட அழற்சியை அது ஆற்றுவதில்லை. அதை உடம்பே ஆற்றிக்கொள்ளும்.

மகனின் ஊசியைப் பற்றி இன்னும் கொஞ்சம். உகாண்டாவில் எக்கோ மூலம் கண்டுபிடிக்கப்பட்ட, அறிகுறியே இல்லாத ருமாட்டிக் வால்வு பாதிப்பு உள்ள 5 முதல் 17 வயது வரையிலான 818 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 4 வாரத்துக்கு ஒரு முறை இந்த ஊசியைப் போட்டார்கள். இரண்டு வருடத்தில் பாதிப்பு முற்றியது ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2 சதவீதம். 2022-இல் வெளியான முடிவு இது. லேசான கசிவுதானே என்று ஊசியைத் தள்ளிப்போட நினைக்கும் பெற்றோரிடம் நான் இந்த இரண்டு எண்ணைத்தான் சொல்கிறேன். எத்தனை காலம் போட வேண்டும்? வால்வு பழைய நிலைக்கு வந்துவிட்டால் கடைசித் தாக்குதலிலிருந்து 10 வருடம் அல்லது 21 வயது, இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை. கசிவு நிலைத்துவிட்டால் 10 வருடம் அல்லது 40 வயது வரை. அடுத்தடுத்த எக்கோக்களைப் பார்த்து இதய மருத்துவர் முடிவு செய்வார்.

ஊசி வலிக்கும், மறுக்கவில்லை. மருந்து கெட்டியானது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போடாமல் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் அந்த இடத்தைக் கட்டை விரலால் 10 விநாடி அழுத்திப் பிடிப்பது, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துவது, மருந்தை இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துவது, இவை மூன்றும் வலியைக் கணிசமாகக் குறைக்கும். அதோடு மரத்துப்போகும் மருந்தைச் சேர்த்துப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையும் உண்டு, தினம் இரண்டு வேளை. ஆனால் தினசரி மாத்திரையை ஒரு பையன் பத்து வருடம் விடாமல் விழுங்குவான் என்று நான் நம்பவில்லை. ஊசிக்கே என் வாக்கு. 21-ஆம் நாள் விடுமுறை வந்தால் ஓரிரு நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ளலாம், பின்னால் தள்ள வேண்டாம்.

ஏஎஸ்ஓ விவகாரத்துக்கு வருவோம். பரிசோதனைக்கூடம் தவறு செய்யவில்லை. ஏஎஸ்ஓ, கிருமி விடும் ஒரு நச்சுக்கு எதிரான எதிர்ப்புப் பொருளின் அளவு. தொண்டைத் தொற்றில் அது நன்றாக ஏறும். தோலில் உள்ள கொழுப்பு அந்த நச்சை முடக்கிவிடுவதால் தோல் புண்ணுக்குப் பிறகு பெரும்பாலும் ஏறாது. அங்கே ஆன்டி டிஎன்ஏஸ் பி என்ற சோதனைதான் துப்புக் கொடுக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏஎஸ்ஓ கூடியிருப்பது, அண்மையில் ஸ்ட்ரெப் வந்து போனதற்கு மட்டுமே சாட்சி. பள்ளிக்குப் போகிற, நன்றாக ஓடி விளையாடுகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அது கூடியிருக்கும். கால் வலி என்று வந்த குழந்தைக்கு அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு ருமாட்டிக் காய்ச்சல் என்று முத்திரை குத்தி, வருடக்கணக்கில் ஊசி போடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். மூட்டு, இதயம், கை கால்கள் தன்னிச்சையாக ஆடும் கொரியா, தோலில் வளையத் தடிப்பு, தோலடிக் கட்டி ஆகியவற்றை அடிப்படையாக வைத்து டக்கெட் ஜோன்ஸ் 1944-இல் வகுத்த விதிகள் இருக்கின்றன. 2015-இல் அவற்றைத் திருத்தி எக்கோவையும் சேர்த்தார்கள். உங்கள் மகனுக்கு இடம் மாறும் மூட்டு வீக்கமும் வால்வுக் கசிவும் இருந்தன. அங்கே ஏஎஸ்ஓ வெறும் துணைச் சாட்சி.

மகளின் எதிர்காலம் பற்றி. உடனடி ஆபத்து ரத்த அழுத்தம், மூச்சு முட்டல், வலிப்பு. அந்தக் கட்டத்தை அவள் தாண்டிவிட்டாள். டிரினிடாட் தீவின் தெற்கில் பூன்-கிங், பாட்டர் ஆகியோர் இப்படி நோய் வந்த குழந்தைகளைப் பத்து வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் நலமாகவே இருந்தார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில், பழங்குடி மக்களின் ஒரு தொலைதூரக் குடியிருப்பிலிருந்து 2001-இல் வேறு மாதிரிச் செய்தி வந்தது. சிறுவயதில் இந்த அழற்சி வந்தவர்களுக்குப் பின்னாளில் சிறுநீரில் புரதம் அதிகமாகப் போகும் வாய்ப்பு, வராதவர்களைவிட சுமார் 6 மடங்கு. இரண்டும் முரணாகத் தெரியும். குறைந்த எடையோடு பிறந்து, திரும்பத் திரும்பத் தொற்று வந்து, இளம் வயதிலேயே சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும் மக்கள் அவர்கள். ஏற்கெனவே வடிகட்டிகள் குறைவாக இருந்த சிறுநீரகத்தில் இன்னும் சிலவற்றை இந்த நோய் பறித்துக்கொண்டது என்பதுதான் என் வாசிப்பு. அதனால் மகளுக்குப் பயம் வேண்டாம், கவனம் வேண்டும். ரத்தத்தில் சி3 என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவு நோயின்போது இறங்கும், 6 முதல் 8 வாரத்தில் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் இது வேறு சிறுநீரக நோயாக இருக்கலாம், சிறுநீரகத்தின் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டிவரும். நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற ரத்த அணுக்கள் ஒரு வருடம் வரை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் இருக்கும், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். புரதம் தொடர்ந்து போனாலோ, ரத்த அழுத்தம் இறங்காவிட்டாலோ சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டும். எல்லாம் சரியான பிறகும் வருடம் ஒரு முறை அழுத்தமும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள்.

மாறி வருமா என்று கேட்டீர்கள். ஒரே குழந்தைக்கு இரண்டும் வருவது மிக அரிது. டிரினிடாட்டில் இரண்டு நோயும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் இருந்தன. ஆனால் கிருமிகளைப் பிரித்துப் பார்த்தபோது இதயத்தைத் தொட்டவை வேறு, சிறுநீரகத்தைத் தொட்டவை வேறு. ருமாட்டிக் காய்ச்சல் தொண்டைத் தொற்றுக்குப் பிறகுதான் வரும், தோல் புண்ணுக்குப் பிறகு சிறுநீரக அழற்சி மட்டும்தான் என்று 1970-இல் வானமேக்கர் எழுதிய வரையறை நெடுநாள் வேதமாக இருந்தது. இப்போது அந்தக் கோடு கொஞ்சம் அழிந்திருக்கிறது. வட ஆஸ்திரேலியாவில் தொண்டைத் தொற்று குறைவாகவும் தோல் புண் மிக அதிகமாகவும் உள்ள ஊர்களில் ருமாட்டிக் காய்ச்சல் உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்றாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகம் கிளம்பியது. பிறகு நியூசிலாந்தில் ஆய்வகப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்ட்ரெப் தோல் தொற்றுக்குப் பின்னும் ருமாட்டிக் காய்ச்சல் கூடுவது தெரிந்தது. இதனால் மகளின் சிகிச்சை மாறாது. அவளுக்கு எப்போதாவது காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், அண்ணனுக்கு ருமாட்டிக் காய்ச்சல் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மகனுக்கோ தோல் புண் வந்தால் அதையும் அலட்சியமாக விடாதீர்கள்.

பரம்பரை பற்றி ஒரு வார்த்தை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்கும் வருவது 44 சதவீதம், வேறு வேறு கருவில் பிறந்த இரட்டையரில் 12 சதவீதம். மரபுக்குப் பங்கு உண்டு, அது முழுக்காரணம் இல்லை. உங்கள் குடும்பத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. 2015 கணக்குப்படி உலகில் 3 கோடியே 34 லட்சம் பேர் ருமாட்டிக் இதய நோயோடு வாழ்கிறார்கள். ஸ்ட்ரெப்பைத் தொடரும் சிறுநீரக அழற்சி வருடத்துக்கு 4.7 லட்சம் பேருக்கு வருவதாக 2005-இல் ஒரு மதிப்பீடு. பெரும்பாலும் நெருக்கடியான வீடுகள் உள்ள நாடுகளில்தான்.

கடைசியாகக் கைக்குழந்தை. 3 வயதுக்குள் ருமாட்டிக் காய்ச்சல் வருவது மிகவும் அபூர்வம், 2 வயதுக்குள் சிறுநீரக அழற்சியும் அப்படியே. ஆனாலும் குழந்தையின் தோலைத் தினம் குளிப்பாட்டும்போது பாருங்கள், விரல் இடுக்கு, கால், தலை. தேன் நிறப் பொருக்குத் தட்டிய புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குங்கள். சொறி இருந்தால் குழந்தைக்கு மட்டும் மருந்து தடவிப் பயனில்லை, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும், அரிக்காதவர்களும்தான். மகள் நோயில் இருந்த நாட்களில் மற்றவர்களுக்குச் சோதனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த வாரம் வீட்டில் மற்ற எல்லோரின் தோலையும் ஒரு முறை பார்த்துவிட்டு, புண் இருப்பவர்களுக்கு ஒரு முறை சிறுநீர்ச் சோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். மகனின் அடுத்த ஊசிக்குப் போகும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.